மூன்று வாரத்தில் போட்டி: மாதவிடாய் நாட்களுக்கு எந்த வழி?

வியாசர்பாடியில் மாலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி தொடங்கும் ஒரு பெண்கள் கால்பந்து அணிக்கு நான்கு ஆண்டுகளாகக் கூடமாட உதவி வருகிறேன். பந்துகளை எண்ணி வைப்பது, தண்ணீர் கேனுக்குச் சொல்வது, இருட்டிய பிறகு பிள்ளைகளைக் கொடுங்கையூர், கொருக்குப்பேட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடுவது, பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில் போய்ப் பேசுவது எல்லாம் என் வேலை. அணியில் 18 பேர். இளையவளுக்கு 14 வயது, மூத்தவளுக்கு 21. சென்ற ஆண்டு அரையிறுதி ஆட்டத்தன்று காலையில் இரண்டு பேர் காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை. மூன்றாமவள் பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வந்து, இடைவேளையில் வாந்தி எடுத்தாள். மூவருக்குமே மாதவிடாய் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இந்த ஆண்டுப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பயிற்சியாளர் என்னிடம், “அக்கா, இந்த டேட் விஷயத்துக்கு நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க. நான் கேட்டா பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்குது” என்றார். மைதானத்தில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கேட்டவரை நான்கு வழிகள் தேறின. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. சுழற்சி 28 நாள், இரத்தப்போக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால், 18 பேர் கொண்ட அணியில் எந்த ஒரு நாளை எடுத்தாலும் சராசரியாக மூன்று பேருக்கு மாதவிடாய் இருக்கும். ஆகவே ஆட்டத்தன்று யாருக்காவது வந்துவிடுமோ என்று பயப்படுவதில் பொருளில்லை. யாருக்காவது வரத்தான் செய்யும். கணுக்கால் சுளுக்குக்கு ஐஸ் கட்டி வாங்கி வைக்கிறோம். இதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் எதிர்பாராத விருந்தாளி வந்ததுபோல் திகைத்து நிற்கிறோம்.

முதல் வழி, கண்டுகொள்ளாமல் விடுவது. “நாங்கள்லாம் ஆடலையா?” என்று கேட்கும் பழைய ஆட்டக்காரிகள் இதைத்தான் சொன்னார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய மதிப்பாய்வு 78 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, போக்கு தொடங்கிய முதல் சில நாட்களில் ஆட்டத்திறன் மற்ற நாட்களைவிட மிகச் சிறிதளவே குறையக்கூடும் என்றும், அந்த ஆய்வுகளில் பலவற்றின் தரம் குறைவு என்றும், எனவே எல்லாருக்கும் ஒரே விதி வகுக்காமல் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்ப்பதே சரி என்றும் சொன்னது. இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் 2002இல் சிகாகோ மாரத்தானை 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது, அவருக்கு மாதவிடாய் வயிற்றுவலி இருந்தது. மறுபக்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 49 கிலோ எடைப்பிரிவில் மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கி நான்காம் இடத்தில் நின்றார். வெண்கலம் வென்றவர் தூக்கியது 200. ஆட்டம் முடிந்ததும், அது தமக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்றும் உடல் சற்றுத் தளர்ந்திருந்தது என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒரு கிலோவைப் பறித்தது மாதவிடாய்தான் என்று யாராலும் நிறுவ முடியாது. ஆனால் சராசரியில் ‘மிகச் சிறிதளவு’ என்று வருவது, மேல்மட்டத்தில் ஆடும் ஒரு தனி ஆளுக்கு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதை அந்த எடைப்பலகை காட்டுகிறது.

எங்கள் அணியில் இந்த முதல் வழிக்கு நாங்கள் கொடுத்த விலை, மெதுவாக ஓடியதில் வரவில்லை. ‘காய்ச்சல்’ என்ற அந்தச் சொல்லில் வந்தது. கண்டுகொள்ளாமல் விட்டால் பெண்கள் ஆடுவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் ஆடாமல் இருந்ததோடு காரணத்தையும் மறைத்தார்கள். காரணம் தெரியாததால் மாற்று ஆட்டக்காரியையும் தயார் செய்ய முடியவில்லை.

இரண்டாவது வழி, மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுவது. இதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். கோயில் திருவிழா, கல்யாணம், சபரிமலைக்குப் போகிறவர் வீட்டில் இருப்பது என்று பல காரணங்களுக்காக நம் வீடுகளில் பழகிப்போன மாத்திரை இது. மெடிக்கலில் ‘டேட் தள்ளிப்போற மாத்திரை’ என்று கேட்டாலே எடுத்துக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள மருந்து நாரெதிஸ்டெரோன். கருமுட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் புரோஜெஸ்டெரோன்தான் கருப்பையின் உட்சுவரைத் தாங்கி நிற்கிறது. அது இறங்கும்போது உட்சுவர் உதிர்ந்து போக்கு தொடங்குகிறது. மாத்திரை அந்தத் தாங்கலை நீட்டித்து வைக்கிறது. வழக்கமாக நாள் வருவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் போக்கு வந்துவிடும்.

வேலை செய்யும் மருந்துதான், அதில் சந்தேகமில்லை. எங்களுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டுமென்றால் நாள் எப்போது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது. நாக்-அவுட் போட்டியில் அடுத்த ஆட்டம் உண்டா என்பதே முந்தைய ஆட்டம் முடிந்தால்தான் தெரியும். மழை பெய்தாலோ மைதானம் வேறொரு நிகழ்ச்சிக்குப் போனாலோ இறுதி ஆட்டம் ஒரு வாரம் தள்ளிப்போகும். அதற்கேற்ப மாத்திரையையும் நீட்டிக்கொண்டே போவதா? குமட்டல், தலைவலி, வயிற்று உப்புசம், மார்பக வலி, இடையிடையே சொட்டுச் சொட்டாகப் போக்கு ஆகியவை இதில் வரக்கூடும். உடலுக்குள் போனதும் இம்மருந்தின் ஒரு சிறு பகுதி ஈஸ்ட்ரோஜன் வகையாக மாறுவதால், குடும்பத்திலோ தனக்கோ இரத்தக்கட்டு ஏற்பட்ட வரலாறு இருப்பவர்களும், கண்முன் மின்னல் தெறிப்பதுபோல் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாநில, தேசிய அளவில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: இம்மருந்து தடைப்பட்டியலில் இல்லை என்றாலும், இதன் எச்சம் சிறுநீர்ச் சோதனையில் ஊக்கமருந்து ஒன்றின் எச்சத்தைப் போலச் சிறிதளவு தெரியக்கூடும் என்பதால், சோதனைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

இந்த வழியை நான் முற்றாகத் தள்ளவில்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டை பழகும் பெண்களின் நிலை வேறு. அவர்களுக்கு எடை பார்க்கும் நாள் முன்கூட்டியே தெரியும். மாதவிடாயை ஒட்டிய நாட்களில் உடலில் தண்ணீர் தேங்கிச் சிலருக்கு அரைக் கிலோவோ அதற்கு மேலோ எடை கூடுவது, எடைப்பிரிவின் விளிம்பில் நிற்பவளுக்குப் பெரிய தலைவலி. சுழற்சி ஒழுங்காக இருக்கும், பதினெட்டு தாண்டிய ஒருத்தி, மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, போட்டி இல்லாத ஒரு மாதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்துத் தன் உடல் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய நாளுக்காக எடுத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் போட்டியன்று முதன்முறையாகப் போடுவது, புது ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு நேராக இறுதி ஆட்டத்தில் இறங்குவதைப் போன்றது.

மூன்றாவது வழியை எங்கள் அணியின் கல்லூரி மாணவிகள் இணையத்தில் பார்த்துக்கொண்டு வந்தார்கள்: சுழற்சியின் கட்டத்துக்கேற்பப் பயிற்சியையே மாற்றி அமைப்பது. 2019 உலகக் கோப்பையை வென்ற அமெரிக்கப் பெண்கள் அணி ஆட்டக்காரிகளின் சுழற்சியைப் பதிவு செய்து பின்தொடர்ந்தது. 2020இல் செல்சி பெண்கள் அணியும் அவ்வாறு பயிற்சியை வடிவமைக்கத் தொடங்கியது. போக்கு முடிந்து கருமுட்டை வெளிவரும்வரை ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் அப்போது பளுப்பயிற்சியைக் கூட்டலாம், அதற்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் குறைக்கலாம் என்பது இதன் சாரம். கேட்க அழகாக இருக்கிறது. சில சிறிய ஆய்வுகளில் இதற்கு ஆதரவும் கிடைத்தது. ஆனால் பின்னர் வந்த மதிப்பாய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்க அணியைச் சுற்றி மருத்துவர், உணவியலாளர், தரவு பார்ப்பவர் என்று ஒரு கூட்டமே இருக்கும். எங்களிடம் ஒரு விசில், பன்னிரண்டு பந்து, ஒரு நான்.

ஆள்பலத்தைவிடப் பெரிய தடை உடலியலில் இருக்கிறது. காலண்டரில் பதினான்காம் நாளைச் சுழித்துவிட்டால் அன்று கருமுட்டை வெளிவந்துவிடாது. வந்ததா என்று அறியச் சிறுநீர்ப் பட்டையோ இரத்தப் பரிசோதனையோ வேண்டும். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் பல சுழற்சிகளில் கருமுட்டை வெளிவருவதே இல்லை. வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாள் என்று இருக்கும் இடைவெளி, சின்னப் பிள்ளைகளுக்கு 45 நாள்வரை போகலாம். இப்படி இருக்க, 14 வயதுக்காரிக்கும் 21 வயதுக்காரிக்கும் ஒரே நான்கு கட்ட அட்டவணை போட்டால் அது கிளி ஜோசியம் போல்தான் இருக்கும். இந்தக் கொள்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: கருமுட்டை வெளிவந்த பிறகு உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ்வரை கூடியிருக்கும். மே மாத வெயிலில் சிலர் வழக்கத்தைவிட முன்னதாகத் துவண்டால், சோம்பேறித்தனம் என்று திட்டாமல் தண்ணீர் இடைவேளை ஒன்றைக் கூடுதலாக விடலாம்.

நான்காவது வழி, ஒவ்வொருத்தியும் தன் உடலைத் தானே குறித்துவைப்பது. பயிற்சியாளர் என்னிடம் முடிவு கேட்பதற்கு முன்பே, பொங்கலுக்குப் பிறகு, ஆறு பேரிடம் மட்டும் இதைச் சோதனையாகத் தொடங்கியிருந்தோம். செயலியா நோட்டா என்பதில் அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பல வீடுகளில் ஒரே செல்போன்தான். அதில் தம்பி கேம் ஆடுவான், அப்பா வாட்ஸ்அப் பார்ப்பார். “அண்ணன் கையில போன் இருக்கும்போது நோட்டிஃபிகேஷன் வந்தா அவ்ளோதான் அக்கா” என்று ஒருத்தி சொன்னதும் வாக்குவாதம் முடிந்துவிட்டது. நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். தேதி, போக்கு உண்டா இல்லையா, வலி எவ்வளவு, தூக்கம் எப்படி, பயிற்சி எப்படி இருந்தது என்று ஐந்து கட்டம். நோட்டு அவளிடமே இருக்கும். எனக்கோ பயிற்சியாளருக்கோ காட்ட வேண்டியதில்லை. பயிற்சி தொடங்கும் முன் ஒவ்வொருத்தியும் ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண்ணை மட்டும் சொல்வாள். ‘இரண்டு’ என்றால் இன்று உடம்பு சரியில்லை என்று பொருள். காரணம் கணுக்காலா, முந்தைய நாள் தூங்காததா, மாதவிடாயா என்று யாரும் கேட்பதில்லை. ஆண் பயிற்சியாளருக்கு இந்த எண்ணே போதுமானதாக இருந்தது.

மூன்று மாதத்தில் அந்த நோட்டுகள் எங்கள் எல்லாருடைய அனுமானத்தையும் கவிழ்த்தன. இடது ஓரத்தில் ஓடுபவளுக்குத் தொல்லை முதல் நாள் காலையில் மட்டும். மாலை ஆட்டத்துக்குள் சரியாகிவிடுகிறது. கோல்கீப்பருக்குப் போக்கு இருக்கும் நாட்களில் ஒன்றுமே இல்லை. வருவதற்கு முந்தைய இரண்டு நாள்தான் தூக்கமின்மையும் தலைவலியும். போக்கு நாட்களில் எல்லாருக்கும் ஓய்வு கொடுத்திருந்தால் கோல்கீப்பரைத் தவறான நாளில் உட்கார வைத்திருப்போம்.

வலிக்கும் இதிலிருந்தே ஒரு வழி பிறந்தது. கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளால்தான் முதல்நாள் வலி வருகிறது. மெஃபெனமிக் அமிலம், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் அது உருவாவதைத் தடுப்பவை. எனவே வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு போடுவதே பலன் தரும். சென்ற ஆண்டு வெறும் வயிற்றில் போட்டவளின் கதையைத்தான் மேலே சொன்னேன். இவை ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் மெஃபெனமிக் அமிலம் அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை எதிர்வினையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தக ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்திருக்கிறது. போட்ட சில வாரங்களுக்குள் தோலில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. வெந்நீர் ஒத்தடம் பாட்டி வைத்தியம் என்று சிரித்தவர்கள் உண்டு. அது உண்மையிலேயே வலியைக் குறைக்கிறது. வாரம் மூன்று முறை, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இந்த வலி குறைகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீடுகளில் பேசப் போகும்போது எனக்குப் பெரிதும் கைகொடுக்கும் தகவல் இதுதான். இத்தனைக்கும் அடங்காத வலி என்றால், பல்லைக் கடித்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நோட்டின் உண்மையான பயன் வேறோர் இடத்தில் தெரிந்தது. ஒருத்தி ஏழெட்டு நாள்வரை போக்கு என்றும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்றுவதாகவும் எழுதியிருந்தாள். அவளே அதை என்னிடம் காட்டினாள். ஒரு சுழற்சியில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகப் போக்கு என்பார்கள். அவ்வளவு இரத்தத்தோடு சுமார் 40 மில்லிகிராம் இரும்பும் போய்விடும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரத்தத்தில் இரும்பு குறைந்தவள் எந்த நாளிலும் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவாள். நாம் பழியை மாதவிடாயின் அந்த ஐந்து நாள்மேல் போட்டுக்கொண்டிருப்போம். அவளுக்குப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. 12க்குக் குறையக் கூடாது. பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் பையிலேயே சேர்த்து வைத்திருந்தாள். இப்போது மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுகிறாள். அவள் அம்மா வாரம் ஒருமுறை சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிச் சமைக்கிறார்; சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது என்று சொன்னதில்தான் குடும்பம் முழுவதும் என்மேல் கோபமாக இருக்கிறது.

இன்னொருத்தியின் நோட்டில் அந்தக் கட்டம் நான்கு மாதமாக வெறுமையாக இருந்தது. சென்ற தலைமுறை ஆட்டக்காரிகள் இதை அதிர்ஷ்டம் என்றே நினைத்தார்கள்; கடுமையாகப் பயிற்சி செய்கிறாள், அதனால் நின்றுவிட்டது, தொல்லை விட்டது என்று. அது அபாய அறிகுறி. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாதபோது உடல் முதலில் நிறுத்துவது இனப்பெருக்கச் சுழற்சியைத்தான். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனிப்பெயரே சூட்டி, எலும்பு அடர்த்தி, இதயம், நோயெதிர்ப்பு என்று அது எதையெல்லாம் தின்னும் என்பதை விளக்கியது. 2023இல் அதைப் புதுப்பித்தது. மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தாலோ, 15 வயதாகியும் தொடங்காமல் இருந்தாலோ பரிசோதிக்க வேண்டும். இந்தப் பெண் காலையில் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, மதியச் சோற்றைப் பாதி மிச்சம் வைத்துவிட்டு, மாலை இரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தாள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு அவளையும் அவள் அம்மாவையும் நானே அழைத்துப் போனேன். முதல் மூன்று வழிகளில் எதை எடுத்திருந்தாலும் இவள் எங்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டாள். மாத்திரை போட்டிருந்தால் வராதது இன்னும் ஆழமாக மறைந்திருக்கும். நான்காவது வழியை நான் தேர்ந்ததற்கு, மற்ற எல்லாவற்றையும்விட இதுவே காரணம்.

இந்த வழியிலும் குறைகள் உண்டு. இரண்டு மூன்று சுழற்சியாவது எழுதினால்தான் ஓர் ஒழுங்கு பிடிபடும். மீதிப் பன்னிரண்டு பேருக்கு இந்தப் போட்டிக்குள் அது ஆகாது. சிலர் மூன்று நாள் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இப்போதைக்கு அந்த எண் சொல்லும் முறையும், வலி மாத்திரையைப் போட வேண்டிய நேரத்தில் போடுவதும், மாற்று ஆட்டக்காரிகள் மூவர் எப்போதும் தயாராக இருப்பதும் போதும். மூன்று பேர் என்பது மேலே போட்ட அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

கடைசியாக, யாரும் ஒரு வழியாகவே எண்ணிப் பார்க்காத இரண்டு சின்ன விஷயங்கள். மைதானத்துக் கழிப்பறையை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சாவி வேண்டுமென்றால் காவலாளி அண்ணனிடம் போய்க் கேட்க வேண்டும். பேட் மாற்ற வேண்டியவள் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே ஆடுவாள். மாற்றுச் சாவி ஒன்று செய்து பந்துப் பையின் உள்பக்க ஜிப்பில் மாட்டியிருக்கிறோம். இன்னொன்று, சென்ற ஆண்டு ஒருவர் அன்பளிப்பாக வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷார்ட்ஸ். விம்பிள்டனில் பெண்கள் வெள்ளைப் பாவாடைக்கு அடியில் அடர்நிற உள்ஷார்ட்ஸ் அணிய 2023இலிருந்து அனுமதிக்கிறார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியும் வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது. வெள்ளை ஷார்ட்ஸில் ஆடுபவள் பந்தைப் பார்ப்பதில் பாதி, பின்னால் திரும்பிப் பார்ப்பதில் பாதி என்றுதான் ஆடுவாள். கொடுத்தவர் மனம் நோகாதபடி அவற்றைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போகிறோம், 18 கருநீல ஷார்ட்ஸ் வாங்க. கோல்கீப்பர் மட்டும் தனக்குக் கறுப்புதான் வேண்டும் என்கிறாள்.